சர்வரின் வாக்குமூலம்

சர்வர் பழுது பார்க்கப் போகிறவரின் பையில் ஒரு காலத்தில் ரப்பர் கட்டாயம் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிப்பார்களே, அதே ரப்பர்தான். ரேமைக் கழற்றி, அதன் கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன் நிறப் பட்டைகளைப் பதமாகத் தேய்த்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று பூட்டு விழுகிற வரை ஸ்லாட்டில் அழுத்தினால், செத்தே போய்விட்டதாக எல்லாரும் நினைத்த சர்வர் பல நேரம் எழுந்துவிடும். காரணம் எளிது. சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார்கள். சென்னையின் உப்புக் காற்றும் ஈரமும் தூசியும் ராத்திரி முழுக்க அந்தப் பட்டைகளின் மேல் படியும். மெல்லிய படலம்தான், ஆனால் சிக்னல் தடுமாற அது போதும்.

1990-களில் நான் பார்த்த சர்வர் அறைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். செருப்பை வாசலில் விட வேண்டும். ஒரு மேசை, அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு டவர் சர்வர், ஓரமாக முனகிக்கொண்டிருக்கும் யூ.பி.எஸ்., சுவரில் சில இடங்களில் பிள்ளையார் படம். அந்தப் பெட்டி தன் கோளாறைப் பற்றித் தானாகச் சொல்வது மிகக் குறைவு. ஆன் செய்ததும் தன்னைத்தானே ஒரு தடவை சோதித்துக்கொள்ளும். கோளாறு இருந்தால் பீப் அடிக்கும். ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்பிளே கார்டு என்று அவார்டு பயாஸோடு பழகியவர்களுக்குத் தெரியும். பீப்பும் வரவில்லை என்றால் போஸ்ட் கார்டு. ரிச்சி தெருவில் வாங்கி வந்த அந்தச் சின்னப் பலகையைக் காலி ஸ்லாட்டில் செருகினால் சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு எழுத்து காட்டும். சி1 என்று நின்றுவிட்டால் ரேம் பக்கம் போகலாம். சர்வர் தரும் வாக்குமூலம் அவ்வளவுதான். மீதியைத் துப்புத் துலக்குவது மனிதர் பாடு.

அதற்கு மனிதரிடம் இருந்தவை காதும் மூக்கும் விரல்களும். பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். கருகிய வாடையைக் கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுபவர்கள் இருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஸ்குரூ டிரைவரை நிறுத்தி, அதன் பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார்கள். சீராகச் சுற்றும் சத்தம் ஒன்று. தலை இடம் தேடிப் போய் முட்டி முட்டித் திரும்பும் ‘டிக்... டிக்’ வேறொன்று. அந்த இரண்டாவது சத்தம் வந்துவிட்டால் முதலில் டேட்டாவைக் காப்பாற்றும் வழியைத்தான் பார்ப்பார்கள். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் மதர்போர்டுகளில் மின்தேக்கிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. உள்ளே இருந்த திரவம் சரியில்லாததால் வாயு உண்டாகி, சிறு உருளைகளின் தட்டையான தலை உப்பிப்போகும், சிலவற்றில் பழுப்பாக ஏதோ கசிந்திருக்கும். அதைப் பார்க்க மீட்டர் தேவையில்லை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

பெட்டிக்குள் தேடினால் கிடைக்காத பழுதும் உண்டு. மதியத்துக்கு மேல் மட்டும் ஹேங் ஆகிற சர்வர். ரேம் மாற்றியாகிவிட்டது, எஸ்.எம்.பி.எஸ். மாற்றியாகிவிட்டது, மதர்போர்டும் வந்து போய்விட்டது, ஹேங் ஆவது மட்டும் நிற்கவில்லை. அனுபவசாலி வந்தால் சர்வரைத் திறக்கவே மாட்டார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்ப்பார். இரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது எகிறிக்கொண்டிருக்கும். நேராகக் கட்டடத்தின் பின்பக்கம் போய் எர்த் குழியைத் திறக்கச் சொல்வார். உப்பும் கரியும் போட்டு மூடிய குழி, சித்திரை வெயிலில் உள்ளே மண் பாளமாக வெடித்திருக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து மறுபடி மீட்டர் வைத்தால் முள் இறங்கியிருக்கும். வெயில் காலம் முடிகிறவரை குழிக்குத் தினம் தண்ணீர் விடும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். கம்ப்யூட்டரின் பழுதைத் தோட்டத்தில் போய்க் கண்டுபிடித்த அந்தத் தலைமுறையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

மனிதருக்கும் இயந்திரத்துக்குமான இந்த நேரடித் தொடர்பு கம்ப்யூட்டர் பிறந்த நாளிலிருந்தே வந்தது. 1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில், பழைய ரேடியோவில் சிவப்பாக எரியும் வால்வு மாதிரியானவை ஏறத்தாழ 18,000 இருந்தன. அணைத்துப் போடும்போது ஏற்படும் சூடு, குளிர் மாற்றத்தில்தான் வால்வுகள் அதிகம் போயின, அதனால் அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். அதற்கு முதன்முதலில் ப்ரோக்ராம் எழுதிய ஆறு பெண்கள் வயரிங் வரைபடங்களைப் படித்தே இயந்திரத்தைக் கற்றவர்கள். கணக்கு எங்கே பிசகுகிறது என்று பின்தொடர்ந்து, போன வால்வு எது என்பது வரைக்கும் அவர்களால் போக முடிந்தது. ப்ரோக்ராமருக்கும் ரிப்பேர்காரருக்கும் நடுவே இன்றைய அளவு இடைவெளி அப்போது இல்லை.

நம் நாட்டில் 1978-இல் ஐ.பி.எம். வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.க்கு வந்தது. இறக்குமதி எளிதில்லாத காலம். போர்டு போய்விட்டால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றைப் போட முடியாது. ஆசிலாஸ்கோப்பில் அலையைப் பார்த்து, போன ஐ.சி. எது என்று பிடித்து, அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைச் சால்டர் செய்ய வேண்டும். கையில் ஸ்பேர் இல்லாத நாட்டில் காரணம் தெரியாமல் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். இதைப் பிறகு சொல்லப்போகும் ஒன்றுக்காக இங்கே குறித்துவைக்கிறேன்.

இயந்திரமே தன் பிழையைக் கண்டுகொள்ளட்டும் என்ற எண்ணம் எரிச்சலில் பிறந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் வார இறுதியில் ரிலே கம்ப்யூட்டரில் கணக்கை ஏற்றிவிட்டுப் போவார். பிழை ஒன்று நேர்ந்தால், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், இயந்திரம் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். திங்கள்கிழமை வந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் இயந்திரம், அது எந்த இடத்தில் என்று தெரிந்து தானே திருத்திக்கொள்ளக் கூடாதா என்று அவர் யோசித்ததன் விளைவு 1950-இல் வெளிவந்த ஹாமிங் கோடு. இன்றைக்கும் சர்வர் ரேமில் 64 பிட் டேட்டாவுக்கு 8 பிட் காவல் போடுவது அந்த வழியில்தான். ஒரு பிட் மாறினால் திருத்திவிடும், இரண்டு மாறினால் ‘தப்பு நடந்திருக்கிறது’ என்று கூவும்.

பிட் ஏன் தானாக மாறுகிறது? 1978-இல் இன்டெல்லின் மே, உட்ஸ் என்ற இருவர் சொன்ன பதில் அன்றைக்குப் பலரைத் திகைக்க வைத்தது. சிப்பை மூடியிருக்கும் பீங்கான் உறையில் துளித்துளியாக இருந்த யுரேனியமும் தோரியமும் வெளிவிட்ட ஆல்ஃபா துகள்கள்தான் மெமரியின் பிட்டைப் புரட்டிப் போட்டிருந்தன. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் அதே வேலையைச் செய்யும் என்று ஐ.பி.எம்.மின் ஆய்வாளர் ஒருவர் பங்கெடுத்த ஆய்வு அடுத்த வருடமே கணித்துச் சொன்னது. ரப்பரால் தேய்த்துத் தீர்க்க முடியாத பழுது ஒன்று இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது. எந்தப் பாகமும் கெடாமலே பிழை வரலாம்.

முழுத் திருப்பம் 1998-இல் வந்தது. இன்டெல், எச்.பி., டெல், என்.இ.சி. நான்கும் சேர்ந்து ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதியை வெளியிட்டன. சர்வரின் மதர்போர்டில் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. அதற்குத் தனிப் பிராசஸர், தனி நெட்வொர்க் வழி. சர்வர் அணைந்திருந்தாலும், பவர் கார்டு மாட்டியிருக்கும்வரை அது விழித்திருக்கும். ஃபேன் வேகம், சூடு, வோல்டேஜ், எந்த ரேமில் எப்போது பிழை வந்தது என்பது வரை தேதி, நேரத்தோடு எழுதிவைக்கும். எச்.பி.யில் அதற்கு ஐலோ என்று பெயர், டெல்லில் ஐடிராக்.

அதன் பலனை இன்றைக்கு அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ உள்ள ஒரு டேட்டா சென்டரில் பார்க்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டிஸ்க் பலவீனமாகிறது. கஸ்டமருக்குத் தெரிவதற்கு முன்பே பழுதுப் புகாரான டிக்கெட் விழுந்துவிடுகிறது. எங்கோ வீட்டில் இருக்கும் எஞ்சினியர் லாப்டாப்பில் அந்தப் பதிவை, அதாவது லாகைத் திறந்து பார்த்து, பார்ட் நம்பர் போட்டு அனுப்பச் சொல்கிறார். காலையில் பெட்டியோடு போகிற பையன், வரிசை வரிசையான ரேக்குகளில் மஞ்சள் விளக்கு எரியும் தட்டைத் தேடி, பழையதை இழுத்துப் புதியதைச் செருகுகிறான். சர்வர் ஒரு விநாடிகூட நிற்பதில்லை. ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட்டும் வங்கியின் கணக்கும் ஒரு டிஸ்க்குக்காக இரண்டு நாள் காத்துக் கிடந்த காலத்தைப் பார்த்தவன் நான், இந்த மாற்றத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தக் கூடத்துக்குள் நின்று பார்த்தால் பழைய கருவிகள் எதுவும் செல்லுபடியாகாது என்று புரியும். ஆயிரக்கணக்கான ஃபேன்களின் இரைச்சலுக்குக் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு டிஸ்க்கின் முனகலைக் கேட்பது எங்கே? காற்று வேகமாக இழுக்கப்படுவதால் வாடை நிற்காது. லாக் என்ன சொல்கிறதோ அதுதான் சாட்சி.

அந்தச் சாட்சி பொய் சொல்லாது, ஆனால் பாதிதான் சொல்லும். லாகில் ‘ஏ3 ஸ்லாட்டில் திருத்திய பிழை’ என்று நூற்றுக்கணக்கில் விழுகிறது என்று வையுங்கள். புதிதாக வேலைக்கு வந்தவர் உடனே ஏ3 ரேமை மாற்றுவார். அதற்குப் பிறகு சீனியருக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, புது ரேம் போட்டுட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி ஏ3-லயே எரர் விழுது.”

“பழைய ரேமைப் பி3-ல போட்டுப் பாத்தியா?”

“பாத்தேன்ணே. அங்க சுத்தமா ஓடுது.”

“அப்ப ரேம் மேல பழி போடாத தம்பி. பிராசஸரைக் கழட்டு. சாக்கெட்ல டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாரு.”

பிழை ரேமோடு கூடவே நகர்ந்தால் ரேம் குற்றவாளி. ஸ்லாட்டிலேயே தங்கிவிட்டால் குற்றம் வேறிடம். முன்பெல்லாம் மெமரியைக் கட்டுப்படுத்தும் சிப் மதர்போர்டில் தனியாக இருந்தது. ஏ.எம்.டி. 2003-இல் ஆப்டெரானிலும், சில வருடம் கழித்து இன்டெல்லும், அதைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. அதற்குள் பின்களும் பிராசஸரின் அடியிலிருந்து மதர்போர்டின் சாக்கெட்டுக்கு இடம் மாறியிருந்தன. தலைமயிர் பருமனில் ஆயிரக்கணக்கான பின்கள். நேராகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால், ஒரே சீராக மின்னும் வரிசையில் ஒரு புள்ளி மட்டும் வேறு திசையில் மின்னும். அந்த ஒரு பின் வளைந்திருக்கும். அதுதான் ஏ3-க்குப் போகும் வழி. அதை நிமிர்த்தக் கண் கூசும் வெளிச்சமும், நடுங்காத விரலும், மிக நுனியான இடுக்கியும் வேண்டும். நிமிர்த்துவதா, போர்டையே மாற்றுவதா என்று முடிவெடுக்கத் துணிச்சலும் வேண்டும். லாகுக்கு அந்தப் பின்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிவிட்டுப் பார் என்ற பழைய ஒழுக்கம்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இன்று என்னை வருத்துவது இந்த ஒழுக்கம் அரிதாகிக்கொண்டு வருவதுதான். நேரம் பணமாகிவிட்டதால் ரேம், போர்டு, பிராசஸர் மூன்றையும் ஒரே விசிட்டில் மாற்றிவிட்டு டிக்கெட்டை மூடுகிறார்கள். சர்வர் ஓடும். எது கெட்டிருந்தது, ஏன் கெட்டது என்பது மட்டும் தெரியாது. கழற்றிய பாகம் பெட்டியில் அடைபட்டுத் திரும்பிப் போகும். அதைச் சோதித்தவர்கள் என்ன கண்டார்கள் என்ற செய்தி, கழற்றிய எஞ்சினியருக்கு வந்து சேர்வதே இல்லை. ஸ்பேர் இல்லாத காலத்து சி.எம்.சி. எஞ்சினியர், வேறு வழியில்லாததால், காரணத்தைக் கற்றார். இன்றைய பிள்ளைக்கு ஸ்பேர் தாராளமாகக் கிடைக்கிறது, கற்கும் வாய்ப்புதான் கிடைப்பதில்லை. திரும்பிப்போன பாகத்தின் சோதனை முடிவைக் கழற்றியவருக்கு இரண்டு வரியில் அனுப்பிவைப்பது எந்த நிறுவனத்துக்கும் முடியாத காரியமில்லை.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் இன்னொரு மயக்கம். டிஸ்க்குகளே தங்கள் உடல்நிலையைக் கணக்கு வைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு 1990-களின் நடுவில் வந்தது. ‘ஸ்மார்ட் ஓகே’ என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். கூகுள் 2007-இல் தன் 1,00,000-க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டது. முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் போகும் வாய்ப்பு 39 மடங்கு. எச்சரிக்கை வந்தால் நம்பியே ஆக வேண்டும். அதே ஆய்வில் செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதம், வலுவான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன. ‘ஓகே’ என்பதை நம்பி பேக்கப் எடுக்காமல் இருப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

காதை அடைத்துக்கொண்டு வேலை செய்கிற காலத்திலும் சத்தம் பழுதாகவே வரலாம் என்பதற்கு 2016-இல் புகாரெஸ்ட்டில் ஐ.என்.ஜி. வங்கியின் டேட்டா சென்டரில் நடந்தது சாட்சி. தீயணைப்பு வாயுவைச் சோதனைக்காகத் திறந்தபோது, அது பீறிட்ட பேரொலியின் அதிர்விலேயே ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகி வங்கியின் சேவை மணிக்கணக்கில் நின்றது. எந்த லாகும் ‘சத்தம்’ என்று காரணம் எழுதாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான பழுது கடந்த சில வருடங்களில்தான் பேசப்படுகிறது. 2021-இல் ஃபேஸ்புக் எஞ்சினியர்கள் ஒரு வழக்கை விவரித்தார்கள். சுருக்கி வைத்த கோப்புகளை விரித்தால் சில கோப்புகள் காணாமல் போகின்றன. எந்த எரரும் இல்லை, லாக் சுத்தம். தோண்டிக்கொண்டே போனார்கள். விரிப்பதற்கு முன் கோப்பின் அளவைக் கணக்கிடும் இடத்தில், ஒரே ஒரு பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்களில் ஒரே ஒரு கோர், 1.1-ஐ 53 முறை தன்னோடு பெருக்கி முழு எண்ணாகச் சொல் என்றால் 156 என்பதற்குப் பதிலாக 0 என்று சொல்லியிருக்கிறது. 52 முறைக்குச் சரியாக 142 சொல்லும் அதே கோர். அளவு 0 என்றால் கோப்பு இல்லை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. அந்தக் கோருக்குத் தான் தவறு செய்வதே தெரியாது, அதனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. பீப் இல்லை, மஞ்சள் விளக்கு இல்லை. அதே வருடம் கூகுளும், சில ஆயிரம் சர்வருக்குச் சில என்ற கணக்கில் இப்படிப்பட்ட கோர்கள் தன்னிடம் இருப்பதாக எழுதியது.

சிப்புகள் பெருகப் பெருக இது ஓரத்துப் பிரச்சினையாக இருக்காது. 2024-இல் மெட்டா தன் லாமா 3 மொழி மாதிரியை 16,384 ஜி.பி.யூ. சிப்புகளில் பயிற்றுவித்தபோது கணக்கெடுத்த 54 நாளில், எதிர்பாராத தடங்கல்கள் 419. அதில் 148 ஜி.பி.யூ. பழுது, 72 அதன் மெமரிப் பழுது. சத்தமில்லாமல் தவறான விடை தந்தவை 6. முதல் இரண்டு வகையில் இயந்திரம் நின்றுவிட்டது, கண்டுபிடித்து மாற்றிவிட்டார்கள். எனக்குக் கவலை அந்த ஆறைப் பற்றித்தான், ஏனென்றால் கணக்கில் வந்தது கண்டுபிடிக்கப்பட்ட ஆறு மட்டும்.

இந்தச் சத்தமில்லாத பழுதுக்கு இப்போது கையாளும் வழி 1950-ஐ ஒட்டிய காலத்து வழிதான். எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் தலைமையில் உருவான வேர்ல்விண்டு கம்ப்யூட்டரில், பராமரிப்பு நேரத்தில் வேண்டுமென்றே வோல்டேஜைக் கூட்டியும் குறைத்தும் சோதனைக் கணக்கை ஓடவிடுவார்கள். நல்ல வால்வு தாங்கும், நாளைக்குச் சாகப்போகும் வால்வு அன்றைக்கே தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பிடுங்கிவிட்டு வேறு போடுவார்கள். இன்றைய பழுதுள்ள கோர்களும் எல்லா நேரமும் தப்புப் பண்ணுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில், வோல்டேஜில், சூட்டில்தான் பிசகுகின்றன. அதனால் சர்வரைப் பராமரிப்புக்கு இறக்கும்போதெல்லாம் இவற்றை மாற்றி மாற்றி, விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளை ஒவ்வொரு கோருக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே கண் இமைக்கும் நேரச் சோதனைகளைச் செருகவும் செய்கிறார்கள்.

இதனால் களத்தில் இருப்பவரின் ஒரு பழைய வழக்கம் மாறியாக வேண்டும். “சார், கணக்கு எப்பவாவது ஒரு தடவை தப்பா வருது” என்று யாராவது சொன்னால், ஹார்டுவேர்காரர்களின் பதில் எப்போதும் “அது ப்ரோக்ராம் பிரச்சினை, டெவலப்பரைப் பாருங்க” என்பதாகத்தான் இருந்திருக்கிறது. லாக் சுத்தமாக இருக்கிறது என்பது அதற்குப் போதுமான ஆதாரமாகவும் இருந்தது. இப்போது நான் இளையவர்களிடம் சொல்வது வேறு. தப்பு வந்தபோது ஓடியது எந்த சர்வர், எந்தக் கோர் என்று கேட்டு எழுதிக்கொள். அதே வேலையை அதே டேட்டாவோடு பக்கத்து சர்வரில் ஓட்டு. தப்பு ஒரே கோரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த சர்வரை உடனே உற்பத்தியிலிருந்து இறக்கு. கூகுளின் அந்தக் கட்டுரையில், ஊழியர்கள் தாங்களாகச் சந்தேகப்பட்டுக் கைகாட்டிய கோர்களில் ஏறக்குறைய பாதி, ஆழ்ந்து சோதித்தபோது உண்மையிலேயே பழுதாக இருந்தன. மீதியில் சில வீண் சந்தேகம், சில மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியாமல் போனவை.